வெனிஸ் நீர்ப்பேருந்தின் 72 மணி நேரச் சீட்டு: நவம்பர் இறுதியில் ஒரு மதிப்பீடு

வெனிஸ் நகரத்துக்குள் காரும் பேருந்தும் நுழைய முடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மூட்டுவலிக்காரர் ஒருவரை அங்கே அழைத்துப் போவது எத்தனை பெரிய ஏற்பாடு என்பது போய்ச் சேர்ந்த பிறகே தெரிகிறது. நகரத்தில் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் இருக்கின்றன; பெரும்பாலானவை படிகளால் ஆனவை. நாங்கள் தங்கிய விடுதியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. படகுத்துறையிலிருந்து இரண்டே நிமிட நடை என்று எழுதியிருந்தவர்கள், அந்த இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு பாலங்கள் வருகின்றன என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டார்கள். அறுபத்தெட்டு வயது அம்மாவையும் இரண்டு பெட்டிகளையும் வைத்துக்கொண்டு அந்தப் படிகளை எண்ணி ஏறியவன் என்ற முறையில், நகரத்தின் நீர்ப்பேருந்தையும் அதற்கான மூன்று நாள் சீட்டையும் பற்றி நிதானமாக எழுதலாம் என்று தோன்றியது.

அந்த ஊரில் இப்படகை வாப்பரெட்டோ என்கிறார்கள். சின்ன நீராவிப் படகு என்பது பொருள். 1881இல் முதல் நீராவிப் படகு பெருங்கால்வாயில் ஓடத் தொடங்கியபோது, பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய, துடுப்புப் படகோட்டும் கோண்டோலாக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இப்போது நீராவி இல்லை, டீசல்தான்; பெயர் மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது. கோண்டோலாக்காரர்களும் நிலைத்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பகலில் அரை மணி நேரச் சவாரிக்கு 90 யூரோ என்று நகராட்சியே கட்டணம் விதித்திருக்கிறது. அதைக் கேட்டதும் அம்மா, "அவங்க வேலைநிறுத்தம் பண்ணியிருக்கவே வேண்டாம்" என்றார்.

முதலில் விலையைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் எல்லாருடைய முதல் புகாரும் அதுதான். நாங்கள் போனபோது ஒருமுறைச் சீட்டு 9.50 யூரோ; அது 75 நிமிடங்களுக்குச் செல்லும். 24 மணி நேரச் சீட்டு 25 யூரோ, 48 மணி நேரத்துக்கு 35, 72 மணி நேரத்துக்கு 45, ஏழு நாளுக்கு 65. உள்ளூரில் குடியிருப்பவர்களுக்குத் தனி அட்டை உண்டு. அவர்கள் இதில் மிகச் சிறிய பங்கைத்தான் கொடுக்கிறார்கள். ஒரே படகில் ஒரே பலகையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவி கொடுத்ததைப் போலப் பல மடங்கு நான் கொடுத்திருக்கிறேன் என்பது முதலில் உறுத்தத்தான் செய்தது. ஆனால் வாழ்நாள் முழுவதும் அந்தப் படகில்தான் காய்கறி வாங்கவும் மருத்துவரைப் பார்க்கவும் போக வேண்டியிருக்கும் ஒருவருக்கும், மூன்று நாள் வேடிக்கை பார்க்க வந்தவனுக்கும் ஒரே விலை இருக்க வேண்டும் என்று வாதாட எனக்கு மனம் வரவில்லை. கணக்கு எளியது: மூன்று நாளில் ஐந்து முறை ஏறினாலே 45 யூரோ கழிந்துவிடும். நாங்கள் இருபத்திரண்டு முறை ஏறினோம். அம்மாவின் முழங்கால் அதற்குச் சாட்சி.

சீட்டின் நேரம், அதை வாங்கும்போது தொடங்குவதில்லை. முதல்முறை கருவியில் காட்டும்போதுதான் தொடங்குகிறது. ஆகவே நாள்கணக்கு இல்லை, மணிக்கணக்கு. நவம்பர் 19ஆம் தேதி பிற்பகல் 3 மணி 40 நிமிடத்துக்கு நான் ரயில் நிலையத் துறையில் சீட்டைத் தொட்டேன். 22ஆம் தேதி அதே நேரம்வரை அது எங்களுடையது. ஒவ்வொரு முறை ஏறும்போதும் தொட்டுக் காட்ட வேண்டும், மறந்தால் அபராதம் உண்டு. விமான நிலையத்துக்குப் போகும் படகை வேறொரு நிறுவனம் நடத்துகிறது. அதற்கு இச்சீட்டு செல்லாது என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது.

தடங்கள் பல இருந்தாலும், நான் மதிப்பிட விரும்புவது முதன்மையாக 1ஆம் எண் தடத்தைத்தான். நகரத்தின் விளிம்பிலுள்ள பியாத்சாலே ரோமா என்ற பேருந்து முற்றத்தில் தொடங்கி, இடவலம் மாற்றி எழுதிய ஆங்கில எஸ் எழுத்துப் போல வளையும் பெருங்கால்வாயில் ஏறக்குறைய நாலு கிலோமீட்டர் ஊர்ந்து, நகரத்தின் முதன்மைச் சதுக்கமான சான் மார்கோவைத் தாண்டி, காயலைக் கடந்து லீடோ தீவுக்குப் போகிறது. கால்வாயின் இடக்கரையில் ஒரு துறை, வலக்கரையில் ஒரு துறை என்று மாறி மாறி நின்றுகொண்டே போகும். ரயில் நிலையத்திலிருந்து சான் மார்கோவுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. கால் நன்றாக இருக்கும் ஒருவர் சந்துகளின் வழியே அதற்குள் நடந்தே போய்விடலாம். அவசரக்காரர்களுக்கு 2ஆம் எண் இருக்கிறது. 1ஆம் எண்ணின் மெதுவைக் குறையாகச் சொல்பவர்கள் அதைப் பேருந்தாக நினைத்து ஏறியவர்கள்.

நான் அதில் கண்கொட்டாமல் பார்த்தது அரண்மனைகளைவிட ஒரு கயிற்றை என்று சொன்னால் வியப்பாக இருக்கலாம். துறை என்பது தரையில் கட்டியதன்று, நீரோடு சேர்ந்து ஏறி இறங்கும் மிதவை. மஞ்சள் பட்டை தீட்டிய ஒரு சின்ன மிதக்கும் அறை. படகு அதை நெருங்கும்போது, பணியாளர் ஒருவர் பக்கவாட்டுக் கதவருகே வந்து நிற்பார், அடுத்த துறையின் பெயரைச் சொல்வார், கையிலிருக்கும் தடித்த கயிற்றின் கண்ணியைத் துறையின் இரும்புக் கட்டையில் வீசுவார். ஒருமுறைகூடத் தப்பி விழுந்து நான் பார்க்கவில்லை. அடுத்த கணம் கயிற்றின் மறுமுனையைப் படகிலுள்ள கட்டையில் எட்டு வடிவத்தில் இரண்டு சுற்றுச் சுற்றுவார். ஓட்டுநர் எந்திரத்தை மெல்ல முடுக்க, கயிறு இறுகி, அதிலிருந்து நீர் பிழிந்து சொட்ட, படகு மிதவையோடு உராய்ந்து ஒரு முனகலுடன் ஒட்டி நிற்கும். பிறகு கம்பிக் கதவைத் தள்ளித் திறப்பார். முதலில் இறங்குபவர்கள், பிறகு ஏறுபவர்கள். முப்பது விநாடிக்குள் கயிறு அவிழ்ந்துவிடும். ஒரு நாளில் எத்தனை நூறு முறை இதைச் செய்வார்கள் என்று தெரியவில்லை; கையுறை போட்டிருந்த ஒருவரின் உள்ளங்கைப் பகுதி மட்டும் தேய்ந்து பளபளத்தது. மிதவையும் படகும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்பதால் அம்மாவுக்கு ஏறவும் இறங்கவும் யாருடைய கையும் தேவைப்படவில்லை. வெனிசில் படியே இல்லாத இடம் இதுதான் என்று அவர் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார்.

பழைய படகுகள் சிலவற்றில் முன்மூக்கில் திறந்தவெளி இருக்கைகள் சில உண்டு. கோடையில் அவற்றுக்கு அடிதடியே நடக்கும் என்கிறார்கள். நவம்பர் இறுதியில், பகலில் பத்துப் பதினொரு டிகிரியும் இரவில் மூன்று நாலு டிகிரியுமாக இருக்கும் குளிரில், அவை பெரும்பாலும் காலியாக இருந்தன. கம்பளித் தொப்பியும் கழுத்துத் துணியும் இருந்தால் அந்த இருக்கையைவிட நல்ல இடம் ஊரில் வேறு இல்லை. அங்கே இடமில்லையென்றால் பின்பகுதிக்குப் போகலாம்.

எந்த நேரத்தில் ஏற வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அந்தப் பருவத்தில் நாலரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. பலரும் இதை நவம்பரின் குறையாகச் சொல்கிறார்கள். நான் இதற்காகவே நவம்பரில் போகச் சொல்வேன். நாலு மணிக்கு ரயில் நிலையத் துறையில் ஏறினால், முதல் பாதி வழிக்கு மங்கிய பகல் இருக்கும். இசையமைப்பாளர் வாக்னர் 1883இல் உயிர்விட்ட வெந்திராமின் மாளிகை, இப்போது சூதாட்டக் கூடமாகிவிட்டது, இடப்பக்கம் கடந்து போகும். ஒருகாலத்தில் பொன் பூசியிருந்த கா தோரோ மாளிகையின் சரிகை போன்ற கல்வேலைப்பாடு அந்த வெளிச்சத்திலும் தெரியும். அந்தோனியோ தா போந்தே கட்டி 1591இல் முடித்த ரியால்டோ பாலத்தின் ஒற்றை வளைவுக்கு அடியில் படகு நுழைந்து வெளியே வருவதற்குள், கரையோரம் விளக்குகள் ஏற்றப்பட்டிருக்கும். அதற்குப் பிறகுதான் முக்கியமான காட்சி. இருட்டியதும் அரண்மனைகளின் முகப்புகள் மறைந்து, மேல்மாடிச் சாளரங்கள் மட்டும் ஒளிர்கின்றன. பகலில் மூடிய கல்லாகத் தெரிந்த வீடுகளுக்குள் மரத்தூலம் போட்ட கூரை தெரிகிறது, கண்ணாடிச் சரவிளக்கு தெரிகிறது, ஒரு வீட்டில் துணி தேய்த்துக்கொண்டிருந்த பெண்மணி தெரிந்தார். ஜூன் மாதத்தில் இதைப் பார்க்க ஒன்பது மணிக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

இந்தப் பருவத்தில் வெனிஸ் என்றதும் எல்லாரும் கேட்பது வெள்ளத்தைப் பற்றித்தான். தென்கிழக்கிலிருந்து வீசும் சிரோக்கோ காற்று ஆத்ரியக் கடலின் நீரை வடமூலைக்குத் தள்ளும் நேரமும், அமாவாசை பௌர்ணமி ஓதமும் (கடலேற்றம்), தாழ்வழுத்தமும் ஒன்றாகக் கூடினால் காயல் பொங்குகிறது. இது பெரும்பாலும் அக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் நடப்பது. 1966 நவம்பர் 4ஆம் தேதி நீர்மட்டம் 194 சென்டிமீட்டர். 2019 நவம்பர் 12ஆம் தேதி 187. இந்த எண்களைப் படித்துவிட்டு, தெருவில் ஆளுயர வெள்ளம் நிற்கும் என்று என் அக்கா தொலைபேசியில் பதறினாள். அளவு எடுக்கப்படுவது தெருவிலிருந்து அல்ல; பெருங்கால்வாயின் வாயிலிலுள்ள சலூத்தே முனையில் 1897இல் வகுக்கப்பட்ட ஒரு சுழிய மட்டத்திலிருந்து. தாழ்வான சான் மார்கோ சதுக்கத்தில் நீர் தேங்கத் தொடங்குவதே ஏறக்குறைய 80 சென்டிமீட்டருக்கு மேல்தான்.

2020 அக்டோபரிலிருந்து காயலின் மூன்று கடல்வாய்களிலும் மோசே என்ற தடுப்பு இயங்குகிறது. கடலைப் பிளந்தவரின் பெயர் தமிழ் விவிலியத்திலும் அதுவேதான். கடலடியில் படுத்திருக்கும் 78 இரும்புக் கதவுகளுக்குள் காற்றைச் செலுத்தி நீரை வெளியேற்றினால், அவை நிமிர்ந்து எழுந்து கடலைத் தடுக்கின்றன. ஆனால் பொதுவாக 110 சென்டிமீட்டர் வரும் என்று கணித்தால்தான் அவற்றை எழுப்புகிறார்கள். எண்பதுக்கும் நூற்றுப்பத்துக்கும் இடையில் வரும் ஓதத்துக்கு அது எழுவதில்லை. சதுக்கம் அப்போதும் நனைகிறது. 20ஆம் தேதி காலையில் நாங்கள் பார்த்தது அப்படிப்பட்ட ஓர் ஓதத்தைத்தான். நீர் கரை தாண்டி வரவில்லை. சதுக்கத்தின் கல்பாவுத் தரையிலுள்ள வடிகால் துளைகளின் வழியே, கொதிக்கும் பாலைப் போல ஓசையில்லாமல் மேலே வந்தது. கால் மணி நேரத்தில் பேராலயத்தின் முன்னே கணுக்கால் அளவு குளம். பேராலயத்தைச் சுற்றி எழுப்பியிருக்கும் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே தரை காய்ந்திருந்தது. மடக்கு மேசைகளைப் போன்ற நடைபலகைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அவற்றில் அம்மா நடந்தார். பிறகு கீழே குனிந்து, தலைகீழாகத் தெரிந்த மணிக்கூண்டைப் பார்த்து, நகர மறுத்துவிட்டார். பின்னால் வந்த கூட்டம் பொறுமையாகக் காத்திருந்தது.

தெருவோரத்தில் முழங்கால்வரை வரும் பிளாஸ்டிக் உறையை ஒருவர் பத்து யூரோவுக்கு விற்றார். வாங்கினேன், மூன்றாவது சந்தில் அடிப்பாகம் கிழிந்தது. சாதாரண ரப்பர் காலணி ஒரு சோடி பெட்டியில் இருந்தால் இந்தப் பத்து யூரோ மிச்சம். அதைவிட நல்ல வழி, நகராட்சி வெளியிடும் ஓதக் கணிப்பைக் காலையில் பார்த்துவிட்டு, அந்த இரண்டு மூன்று மணி நேரத்தைப் படகிலேயே கழித்துவிடுவது. மிதவைத் துறைகள் நீரோடு உயர்வதால் பெருங்கால்வாயில் பயணம் நடக்கிறது. தாழ்ந்த பாலங்களுக்கு அடியில் போக வேண்டிய வேறு சில தடங்களைத்தான் நீர் உயரும்போது திருப்பிவிடுகிறார்கள்.

மூடுபனியைப் பற்றி ஒரே ஒரு செய்தி. வெனிஸ்காரர்கள் அதைக் காய்கோ என்கிறார்கள். அதில் வழி காண்பதற்காகப் படகின் கூரையில் சுழலும் ரேடாரைக் கோடையில் வருபவர்கள் அலங்காரம் என்றுதான் நினைப்பார்கள்.

இனி 21ஆம் தேதி, சலூத்தே மாதா கோயிலின் விழா நாள். இந்த மதிப்பீட்டில் அந்த நாளுக்குக் கூடுதல் இடம் கொடுப்பதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். 1630, 31ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோய் நகரத்தைச் சூறையாடியபோது, நோய் நீங்கினால் மாதாவுக்குக் கோயில் எடுப்பதாக ஆட்சி மன்றம் நேர்ந்துகொண்டது. லோங்கேனா என்ற கட்டடக் கலைஞர் கால்வாய் வாயிலில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரத்தூண்களைச் சேற்றில் அடித்து, அதன்மேல் அந்த எண்கோணக் கோயிலை எழுப்பினார். திருநிலைப்படுத்தியது 1687இல், அவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார். சலூத்தே என்றால் உடல்நலம். மதோன்னா தெல்லா சலூத்தே என்பதைத் தமிழில் சொல்ல வேண்டுமானால் புதிதாக மொழிபெயர்க்கத் தேவையில்லை, ஆரோக்கிய மாதா என்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. நாகப்பட்டினத்தில் பிறந்து, ஆவணி தோறும் வேளாங்கண்ணிக்கு நடந்தே போகும் கூட்டத்தைத் திண்ணையிலிருந்து பார்த்து வளர்ந்த அம்மாவிடம் நான் இதைச் சொன்னபோது, அவர் அதன்பின் வேறெதையும் அன்று பார்க்கச் சம்மதிக்கவில்லை.

ஆண்டுதோறும் அந்த விழாவுக்காகப் பெருங்கால்வாயின் குறுக்கே, சாந்தா மரியா தெல் ஜிலியோ பக்கத்திலிருந்து, சில நாள்களுக்கு மட்டும் ஒரு மிதவைப் பாலம் போடுகிறார்கள். உள்ளூரார் அதன் வழியே நடந்து போகிறார்கள். நாங்கள் படகிலேயே சலூத்தே துறைக்குப் போய் இறங்கினோம். இறங்கிய இடத்திலிருந்து கோயில் படிவரை மெழுகுவத்திக் கடைகள், பலூன், பஞ்சுமிட்டாய், எண்ணெயில் பொரித்த பலகாரம். குழந்தைகள் ஒரு கையில் மெழுகுவத்தியும் மறுகையில் பலகாரமுமாக அலைந்தார்கள். உள்ளே, மெழுகுவத்தியை நாமே ஏற்ற முடியவில்லை, கூட்டம் அப்படி. தாங்கியருகே நின்ற ஒருவர் நீட்டிய கைகளிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கி, ஏற்கெனவே எரியும் ஒன்றில் காட்டி, சூடு பட்டு வளைந்த கம்பியில் குத்தி வைத்தார். அம்மா தம்முடையது எது என்று அடையாளம் வைத்துக்கொண்டு, அது பாதி எரியும்வரை நின்றார். பலிபீடத்தின் மேலிருக்கும் கறுத்த மாதா படம் 1670இல் கிரீட் தீவிலிருந்து கொண்டுவரப்பட்டது. அதைச் சுற்றிய பூ அலங்காரத்தைத்தான் அம்மா ஊருக்கு வந்தும் சொல்லிக்கொண்டிருக்கிறார். திரும்பும் படகில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு கிழவர், மடியில் வைத்திருந்த ஏற்றாத மெழுகுவத்தியைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். வீட்டில் வர முடியாதவர் யாருக்கோ என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த விழாவுக்கென்றே கஸ்த்ராதீனா என்று உப்பிட்டுப் புகையூட்டிய ஆட்டுக்கறியையும் முட்டைக்கோசையும் சேர்த்து ஒரு சூப் செய்கிறார்கள். நெடுநேரம் கொதித்த கறி. குளிருக்கு இதமாக இருந்தது, புகைநெடி எல்லாருக்கும் பிடிக்காது. சைவக்காரர்களுக்கு நவம்பர் நல்ல மாதம்: த்ரெவீசோவின் சிவப்பு ரதீக்கியோ கீரை அப்போதுதான் சந்தைக்கு வருகிறது, இலேசான கசப்போடு குழைந்த அரிசியில் கலந்து தருகிறார்கள். அரிசியை வேகவைத்த நீர் இறைச்சிச் சாறா என்று மட்டும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். சதுக்கத்துக்கு அருகே ஒரு கடையில் நாங்கள் உட்கார்ந்து குடித்த இரண்டு காப்பிக்கு வந்த தொகையை இங்கே எழுதினால் அம்மா படித்துவிடுவார். நின்றுகொண்டே குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை என்பது இத்தாலியெங்கும் உள்ள வழக்கம். விலைப்பட்டியலைப் பார்க்காமல் உட்கார்ந்தது என் தவறு, அதைக் கேட்ட பிறகும் காட்டாமல் விட்டது அவர்கள் தவறு.

இதே சீட்டில் தீவுகளுக்கும் போகலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஃபொந்தமெந்தே நோவே துறையிலிருந்து 12ஆம் எண் படகு, கண்ணாடிக்குப் பெயர்பெற்ற முரானோவில் நின்று, முக்கால் மணி நேரத்தில் சரிகைப் பின்னலுக்குப் பெயர்பெற்ற புரானோவுக்குப் போகிறது. வண்ண வண்ண வீடுகளை வெயிலில் எடுத்த படங்களாகத்தான் எல்லாரும் பார்த்திருக்கிறோம். சாம்பல் நிற வானத்தின் கீழே அந்த மஞ்சளும் நீலமும் இன்னும் அழுத்தமாகத் தெரிந்தன. கடைகளில் பாதி மூடியிருந்தன. அது குறையா நிறையா என்பது வாங்க வந்தவரைப் பொறுத்தது.

யாருக்கு இந்தச் சீட்டு வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். காலையில் வந்து மாலையில் திரும்புபவராக இருந்து, கால் நன்றாக இருந்தால், ஒருமுறைச் சீட்டு ஒன்றை மட்டும் வாங்கி, நாலு மணிப் படகுக்கு வைத்துக்கொண்டு, மீதியை நடந்து பார்க்கலாம். பாலமில்லாத இடத்தில் கால்வாயைக் கடக்க மட்டும் வேண்டுமென்றால், ரியால்டோ மீன்சந்தையருகே துடுப்புப் போடும் கடத்துப் படகு இருக்கிறது. வெளியூராருக்கு இரண்டு யூரோ, பயணம் இரண்டு நிமிடம்கூட இல்லை. காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் 1ஆம் எண்ணில் உட்கார இடம் கிடைக்காது, ஏனென்றால் அது உண்மையிலேயே ஒரு நகரத்தின் பேருந்து. பள்ளிப் பையும் சந்தைக் கூடையும் அப்போது ஏறுகின்றன. பெட்டியோடு அந்த நேரத்தில் ஏறுபவர்களை உள்ளூரார் பார்க்கும் பார்வை நியாயமானது.

22ஆம் தேதி பிற்பகல் நாங்கள் விடுதியின் இரண்டு பாலங்களையும் கடைசியாக இறங்கிக் கடந்து துறைக்கு வந்தபோது மணி 3:29. சீட்டைத் தொட்டேன்; பச்சை விளக்கு எரிந்தது, சீட்டில் பதினோரு நிமிடம் மீதி. மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது, கூரையில் ரேடார் சுழன்றுகொண்டிருந்தது. முன்மூக்கில் இரண்டு இருக்கைகள் காலியாக இருந்தன. "பெட்டியை நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அம்மா அங்கே போய் உட்கார்ந்துகொண்டார்.